வடிகட்டிய தயிரும் மச்சானும்

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆண்கள் எங்கள் தெருவுக்கு என்னென்னவோ கொண்டு வந்திருக்கிறார்கள். அத்தர், பேரீச்சம்பழம், பிஸ்தா, கடலூர் வெயிலுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படாத கனத்த கம்பளி. என் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து தயிர் கொண்டு வந்தார். தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஐஸ் பை, அதற்குள் துண்டு சுற்றிய இரண்டு டப்பா. சென்னையில் இறங்கி, கார் பிடித்து, கடலூர் முதுநகர் வரைக்கும் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு பதமாக ஏந்தி நான் பார்த்ததில்லை.

என் மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, கடலூர்ல மாடெல்லாம் செத்துப்போச்சா?"

"உம்மா, இது கிரீக் யோகர்ட்டு," என்றார் இவர்.

"யோகர்ட்டுன்னா?"

"தயிரு."

"அதத்தாண்டா நானும் கேக்குறேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுப்படிக்குள் ஓடிப்போய் நின்று சிரித்தேன். அவர் வந்த நாளிலிருந்து எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். நாற்பதைத் தாண்டிய பொம்பளை, காலேஜில் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு, மச்சான் வந்துவிட்டார் என்று தலைகால் புரியாமல் திரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்ய? எங்கள் வீடுகளில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஒரு சொல்லை வருடக்கணக்கில் போனுக்குள்ளேயே சொல்லிப் பழகிவிட்டு, எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்துச் சொல்லும்போது முகமெல்லாம் சூடாகிறது. குழம்புக்கு உப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லாமல் இரண்டு தடவை போட்டேன். அவர் சொல்லாமல் சாப்பிட்டார். மாமிதான் சொன்னார், நன்றாகவே சொன்னார்.

அவருக்கு அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை. பால், தயிர், வெண்ணெய், சீஸ் வைக்கிற பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. கல்யாணமான மறு வருடமே போனவர். லீவில் வருவார், ஊரெல்லாம் விருந்து சாப்பிடுவார், போய்விடுவார். இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது. அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பித்துக்கொண்டு திரும்பி வரலாம், இல்லையென்றால் அத்தோடு முடித்துக்கொண்டு ஊரிலேயே இருக்கலாம், லீவு முடிவதற்குள் ஒரு பதில் சொல் என்று கம்பெனி அவரிடமே விட்டிருந்தது. இதை அவர் எனக்குச் சொன்ன விதத்தைக் கேட்க வேண்டுமே. சாயங்காலம் சங்கரா மீன் வாங்கட்டுமா கெழங்கா மீன் வாங்கட்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். நானும் அதே குரலில், "சரி, யோசிச்சு சொல்லுங்க," என்றேன்.

இருந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன். அப்படி ஒரு வீம்பு எனக்கு. கேட்டு வாங்குகிற இருப்பும் ஓர் இருப்பா? அவருக்கே தோன்ற வேண்டும், அவர் வாயால் வர வேண்டும். அவரோ பெரிய விஷயம் எதையும் வாயால் பேசுகிற ஆளே இல்லை. சாப்பாட்டை வைத்துத்தான் எல்லாம் பேசுவார். மகள் பிறந்த செய்தி கேட்டபோதுகூட, "என்ன சாப்பிட்ட?" என்றுதான் போனில் முதலில் கேட்டார். இப்போது நான் சுற்றி வளைத்து, "அங்க எதுதான் அப்படி ஒசத்தி?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"காலையில ஒரு கப்பு இந்த யோகர்ட்ட சாப்புட்டாத்தான் எனக்கு வயிறு ஒழுங்கா இருக்கு புள்ள. ஊர்ல இதுக்கு எங்க போறது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் என் புருஷனுக்கும் நடுவில் நிற்பது ஒரு கப் தயிர்தான் என்றால், அதை நான் இந்த அடுப்படியிலேயே உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்த டப்பாவைப் பற்றி அவர் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சமில்லை. மூடியைத் திறந்து ஸ்பூனைச் செருகினார். ஸ்பூன் நட்ட கழிபோல நின்றது. அதோடு விட்டாரா? டப்பாவைத் தூக்கித் தன் உம்மாவின் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார். மாமி, "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தியா? இதோட உறையே வேற. கிரீஸ் நாட்டு உறை. இத ஒரு ஸ்பூன் போட்டா எந்தப் பாலும் இப்படித்தான் நிக்கும்."

வருடக்கணக்கில் அதை விற்ற மனிதர் சொல்கிறார், எனக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது? அதோடு, நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே அது. உறை எப்படியோ தயிர் அப்படி. புளித்த உறையை ஊற்றினால் தயிர் புளிக்கும், நல்ல வீட்டு உறையை ஊற்றினால் நன்றாகத் தோயும். மருமகள் எடுப்பதற்குக்கூட இவ்வளவு விசாரிப்பார்களா தெரியாது, எந்த வீட்டு உறை நல்ல உறை என்று எங்கள் தெருவில் அவ்வளவு விசாரிப்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வந்தார். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவர். பிறந்த வீடு காடாம்புலியூர், அங்கே அவர்களுக்குப் பலா மரமும் முந்திரியும் உண்டு, சீசனில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். கழுத்தில் இன்ச் டேப் தொங்க, கையில் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"தம்பி கிரீக்கு உறை கொண்டாந்திருக்குதாமே. ஒரு ஸ்பூன் குடும்மா. வெளக்கு வச்சிட்டா தயிரு கேக்கக் கூடாது, அதான் மிஷின அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்."

விளக்கு வைத்த பிறகு அவர் வீட்டில் தயிரும் உப்பும் வெளியே கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டால் கொடுக்க மாட்டோம். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் தெருவில் உறை வாங்குவதும் கொடுப்பதும் எல்லாம் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில்தான். அக்கா கிண்ணத்தோடு திரும்பிப் போனதைப் பார்த்து எதிர் வீடு வந்தது. எதிர் வீட்டைப் பார்த்துக் கோடி வீடு வந்தது. மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தர்கா கந்தூரியில் நேர்ச்சை கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு ஸ்பூன் வைத்தார். முகத்தில் என்ன பெருமை. "மேல் பாலாடை வராத மாதிரி ஆத்தி ஊத்துங்க, வெதுவெதுன்னு இருக்கணும்," என்று பொம்பளைகளுக்கு அவர் பால் தோய்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். அவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறார்கள். பாங்கு சொன்னபோது டப்பா வழித்துத் துடைத்த மாதிரி காலி. எங்கள் வீட்டில் ஒருவரும் அதை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

எங்களுக்கென்று எடுத்த ஒரு ஸ்பூனைப் போட்டு ராத்திரி நானும் பால் தோய்த்திருந்தேன். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் மூடியைத் திறந்தேன். பாத்திரத்தைச் சாய்த்தேன். தயிர் ஒரு பக்கம் சரிந்தது, மறு பக்கம் தண்ணீர் விட்டது. நேற்றுவரை தோய்த்த அதே தயிர். அதே முகம், அதே குணம்.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உன் கிரீக்கு எங்க ஊட்டுக்கு வந்ததும் தமிழாயிடுச்சும்மா."

தெருவில் ஒரு பெரிய விசாரணையே நடந்தது. பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்றது கோடி வீடு. எவர்சில்வர் பாத்திரத்தில் தோய்த்ததுதான் தப்பு என்றது எதிர் வீடு. ஆகாயத்தில் பறந்து வந்ததில் உறை பயந்துபோயிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்றார் அக்கா. இவர் மட்டும் அசையவில்லை. "பால்ல கொழுப்பு பத்தல," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதை வாய்விட்டுச் சொன்னேன். முறைத்தார். முறைத்தால்கூட அழகாகத்தான் இருந்தார், என்ன செய்வது.

இன்னொரு டப்பா இருந்ததே. அதை நான் விடவில்லை. எருமைப் பால் சொல்லிவைத்து வாங்கி, சுண்டக் காய்ச்சி, புதுச் சட்டி வாங்கிப் பழக்கி, குர்ஆனின் குல்ஹு சூராவை மூன்று தடவை ஓதி ஊதி, அந்த இரண்டாவது டப்பாவிலிருந்து உறை ஊற்றினேன். நன்றாகவே தோய்ந்தது. மேலே ஏடு கனமாகப் படிந்திருந்தது. அதுவும் கரண்டி பட்ட இடத்தில் தண்ணீர் விட்டது. அவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தயிருக்கு அழுகிறாளே என்று அவர் பயந்து இன்னொரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் அங்கிருந்து மேனேஜர் போன் செய்தார். இவர் மலையாளமும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். "சொல்றேன் சார், இன்னும் முடிவு பண்ணல," என்பது மட்டும் புரிந்தது. போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வருகிறவர் போல நின்றார். நானும் திரும்பிப் பார்த்தேன். "சோப்பு தீந்துபோச்சா?" என்றார். "இருக்கு," என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பிரியாணி. ஃப்ரிட்ஜ் முழுக்க என் தோல்விகள் பாத்திரம் பாத்திரமாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றை எடுத்து மாமியிடம் காட்டினேன். கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இந்தத் தண்ணித் தயிர ஊத்துனா பிரியாணி நோன்புக் கஞ்சியாயிடும். துணியில கட்டித் தொங்கவிடு."

தயிர் நீர்த்திருந்தால் பிரியாணிக்கு அப்படிச் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். அவருடைய பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துணியில் தயிரைக் கொட்டி, மூட்டை கட்டி, தொட்டிக் குழாயில் மாட்டினேன். கொஞ்ச நேரம் தொங்கினால் போதும். ஆனால் அன்றைக்குக் கறிக்கடையில் கூட்டம். கறி வாங்கப் போன மச்சான் வெகு நேரம் கழித்து வந்தார். வந்தவர் கை கழுவத் தொட்டிக்குப் போனார். குழாயில் மூட்டை குறுக்கே நின்றது. கழற்றினார். அது என்னவென்று துணியை விலக்கிப் பார்த்தார்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நான் தலையைத் தூக்கினேன். மனிதர் விரலால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அப்புறம் ஸ்பூன் தேடினார். அந்த ஸ்பூனை அதில் குத்தினார். நின்றது.

"புள்ள."

"என்ன மச்சான்?"

"எந்தக் கடையில வாங்குன?"

"எத?"

"இந்த கிரீக் யோகர்ட்ட."

நான் பதில் சொல்வதற்குள் மாமி திரும்பினார். "அது பிரியாணிக்கு வெச்ச தயிருடா. உன் சுன்னத்துக்கு ஆக்குன பிரியாணிக்குக்கூட இப்படித்தான் தொங்கவிட்டேன்."

நான் அரிவாள்மணையை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, அதற்கு எங்கள் வீட்டைவிட நல்ல வீடு கிடைக்காது. அத்தனை வருடமும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தச் சாமானைச் செய்து, அதைக் கறியில் கொட்டிப் பிசைந்து கொதிக்க வைத்திருக்கிறோம். அவர் அதையே கப்பு கப்பாக விற்றிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் துணியும் ஸ்பூனுமாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம், எல்லாம் முன்பே தெரிந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள்.

"அதாவது, சாதாரணத் தயிர்ல தண்ணி அப்படியே கெடக்கும். கிரீக்குன்னா அத வடிச்சிடுறது. தண்ணி போயிடுச்சா, மிச்சம் இருக்கறதுல சத்து ஒண்ணா சேந்துடும். அதான் அதுல புரோட்டீன் ஜாஸ்தி. பால்ல இருக்குற இனிப்பு கொஞ்சம் தண்ணியோட போயிடும். கால்சியமும் கொஞ்சம் போயிடும்."

"அப்ப கிரீஸ் நாட்டு உறை?"

"உறைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"நாற்காலி போட்டு உக்காந்து நேர்ச்சை குடுத்தீங்களே."

"சரி விடு புள்ள," என்றார். காது சிவந்திருந்தது. பேசிக்கொண்டே அந்தத் துணியில் இருந்ததை முழுக்க அவரே தின்று தீர்த்துவிட்டார். பிரியாணிக்கு எலுமிச்சம்பழம்தான் பிழிந்தோம். மாமி சாப்பிட்டு முடிக்கிறவரை திட்டினார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். குழாய் இருந்த இடமெல்லாம் மூட்டை. வெளியே தொங்கவிட்டால் அடிக்கிற வெயிலில் புளித்து வாய் கூசியது. அதனால் சல்லடையில் துணி விரித்து, கீழே சட்டி வைத்து, ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே வடிக்கப் பழகினேன். ஒரு பெரிய சட்டித் தயிர் வைத்தால் பாதிகூடத் தேறாது. மிச்சமெல்லாம் இளம்பச்சையாக ஒரு தண்ணீர். அதைக் கொட்ட எனக்கு மனசு வராது. புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், ரசத்தில் ஊற்றினேன், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அக்கா வந்து உப்பும் பெருங்காயமும் போட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இத வுட்டுட்டு அந்தக் கட்டியத் திங்கிறீங்களே," என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். மறுநாள் பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் கொண்டு வந்தார். அந்தக் கட்டித் தயிரில் சுளையை நறுக்கிப் போட்டு, முந்திரியை உடைத்துத் தூவி மச்சானுக்குக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ்," என்றார். ஷார்ஜாவில் இப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

ஒருநாள் ஆசை மிகுந்து, சோற்றிலும் அதையே போட்டுப் பிசைந்தார். பசை மாதிரி உருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்க முடியாமல் கையால் சைகை காட்டினார். மாமி சும்மா இருப்பாரா? "சோத்துக்குத் தண்ணியுள்ள தயிருதான்டா வேணும். எதுக்கு எதுன்னு இருக்குல்ல," என்று ஒரு கரண்டி நம் தயிரை ஊற்றிக் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஸ்பூனால் சாப்பிடக் கட்டித் தயிர், கையால் சாப்பிட நம் தயிர் என்று வீட்டில் சட்டம் ஆகிவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் அவர் சொல்லவில்லை. வயிறு ஒழுங்காக இருந்தது, காலையில் கப் நிறைந்திருந்தது, வேளா வேளைக்கு விசிலடித்துக்கொண்டு திரிந்தார். கம்பெனிக்கு என்ன பதில் என்று மட்டும் பேச்சே இல்லை. லீவு கரைந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே இருக்கிறவளுக்குள் பயம் இருக்காது என்று நினைக்கிறார்கள். எனக்கு இருந்தது. அவருடைய பெட்டி அலமாரி மேலே இருந்தது. அறைக்குள் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அப்போது எங்கள் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தெற்கு வீதிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கடையில், ஃப்ரிட்ஜுக்குள் வரிசையாகக் கிரீக் யோகர்ட். "வாப்பா, இங்கேயே விக்குது," என்று கீழே எழுதியிருந்தாள். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நெசமா வடிச்சதா, மாவு சேத்துக் கெட்டியாக்குனதான்னு நேர்ல பாத்தாத்தான் தெரியும்," என்றார்.

"வாங்க, போய்ப் பாப்போம். அப்படியே அவளையும் பாத்துட்டு வரலாம்," என்றேன்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து ஒரு பஸ்ஸில் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. வழக்கமாக அவரோடு போகிற ஒரே பயணம் விமான நிலையத்துக்குத்தான். அதில் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். இந்தப் பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசினேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "அம்மா, சிதம்பரம் வந்தா எழுப்பி விடுங்க," என்றார். எழுப்பாமல் அப்படியே காட்டுமன்னார்கோயில் வரைக்கும் போய்விடலாமா என்று இருந்தது.

கடை ஏசியில் குளுகுளுவென்று இருந்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் நடந்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தார். மாம்பழம் போட்டது, ஸ்ட்ராபெர்ரி போட்டது, ஒன்றும் போடாதது என்று எல்லாம் கலைந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார். அதைப் பின்னால் வைத்துவிட்டு, பின்னாலிருந்த ஒன்றை முன்னே இழுத்தார். அடுத்ததைப் பார்த்தார். பேர் எழுதின பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பினார். கைக்குட்டையை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். அப்புறம் அவர் சிதம்பரத்திலேயே இல்லை. கை போகிற வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. கப்புகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்து நின்றன.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தவர் லீவில் வருகிறவர். தூங்குவார், சாப்பிடுவார், மீன் வாங்குவார், போய்விடுவார். இந்த ஆளை நான் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். இடது கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு வலது கையால் அடுக்கினார். கொஞ்சம் கழித்து வலது கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு இடது கையால் அடுக்கினார். கை மாற்றுவது அவருக்கே தெரியவில்லை. கடலூர் வெயிலில் வளர்ந்த மனிதர், எங்கள் சாப்பாட்டுக்காக வருடக்கணக்கில் இப்படி ஒரு குளிருக்குள் ஒரு கையை மாற்றி ஒரு கையைச் சூடேற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். என் வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"குளிரலயா மச்சான்?"

"இதெல்லாம் ஒரு குளிரா. பழகிடுச்சு."

"போகாதீங்க," என்றேன். "இங்கேயே இருந்துடுங்க மச்சான்."

அவர் கை அப்படியே நின்றது. திரும்பவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டுக்குள்ள போறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பாப்பேன் புள்ள. இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு."

"நீங்களா சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

"போய்த்தான் ஆவணும்னு நீ நெனைக்கிறன்னு நான் இருந்தேன்."

கதவு ரொம்ப நேரம் திறந்திருந்ததால் ஃப்ரிட்ஜ் கூவ ஆரம்பித்தது. சத்தம் கேட்டுக் கடையில் வேலை செய்கிற பெண் ஓடிவந்தாள். அடுக்கியிருந்த அழகைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சார், நீங்க எந்தக் கம்பெனியிலேருந்து வர்றீங்க?"

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"எனக்குக் கம்பெனியெல்லாம் இல்லம்மா," என்றார். "நான் இவுங்க வீட்டுக்காரரு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். ஐஸாக இருந்தன. என் புர்காவின் மடிப்புக்குள் வைத்து, சூடாகிறவரை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தக் கடை நடுவிலேயே நின்றேன்.